சவுக்கைக்கு அந்தப் பக்கம்

என் அய்யா பேச்சிமுத்து கம்பத்தில் வாடகைக் கார் ஓட்டினார். துக்கம் கேட்க வந்தவர்கள் அவரைப் பற்றிப் பேசியதைவிட அவருடைய காரைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். மற்றவர்கள் ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் வாங்கிய இன்சூரன்சை அவர் வாங்குவதற்குள் ஒரு ஏலக்காய்ப் பருவமே போய்விட்டது என்றார்கள். அது உண்மை. ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டவர்களுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் விவசாயக் குடும்பம். வாய்க்காலுக்குக் கீழே நஞ்சை இருந்தது. அதில் பாதியை விற்று, 1938இல் நாலு வருஷம் ஓடிய ஒரு பிளஷர் காரை அய்யா வாங்கினார். பாதி நிலத்தை வைத்துக்கொண்டு சாப்பிடலாம், மகனைப் படிக்கவைக்க முடியாது என்பது அவர் கணக்கு. அந்தக் கார்தான் என்னை மதராசுக்கு அனுப்பியது. அங்கே மோட்டார் மெக்கானிக் படிப்பு முடித்து, மதுரையில் ஒரு பஸ் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன்.

காரின் பாதை ஒன்றுதான். கம்பத்தில் கிளம்பி, கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப்பில் தண்ணீர் ஊற்றி, மலையேறிக் குமுளி. மலை முடிகிற இடத்தில் சாலைக்குக் குறுக்கே ஒரு மரக்கட்டை கிடக்கும். அது திருவாங்கூர் ராஜாவின் சவுக்கை, எல்லைச் சுங்கச் சாவடி. சிப்பாய் கட்டையைத் தூக்கினால் அந்தப் பக்கம் வேறு அரசு, வேறு சட்டம், வேறு போலீஸ். எங்கள் ஊரில் யாரும் அதை அப்படிச் சொன்னதில்லை. ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற பெண்களும், சரக்கு ஏற்றுகிற வியாபாரிகளும், பெண் பார்க்கப் போகிறவர்களும் "மேல போறோம்" என்றுதான் சொல்வார்கள். மேலக்காட்டுக்குப் போவதுபோல. பின்னால் நேர்ந்த பிழை இந்தப் பேச்சிலிருந்து தொடங்கியது.

1940இல் என் மாமா ஆதித்தன், அம்மாவின் தம்பி, ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஏஜெண்டானார். அப்போது வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. அம்மா பிச்சையம்மாள்தான் வற்புறுத்தினாள்.

"தம்பிக்கு மொத போணி நம்ம காருதான். வேத்து ஆளுகிட்டயா போய்ச் சொல்லச் சொல்றீக?"

அய்யா எடுத்தார். எங்கள் பக்கத்தில் கம்பெனி தேர்ந்தெடுக்கும் முறை அதுதான். ஏஜெண்டு யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பார்கள். சொந்தக்காரன் என்றால் கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் காகிதத்தை யாரும் வாசிக்கவில்லை.

1942 ஐப்பசியில் நல்ல மழை. சவுக்கை தாண்டிச் சிறிது தூரத்தில் கார் சறுக்கி மண்மேட்டில் இடித்தது. பின் கதவு திறந்துகொண்டது. அம்மாவாசி என்ற தோட்டக் கூலி வெளியே விழுந்து, இரண்டு நாள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார். அய்யாவின் பேரில் தப்பு இல்லை என்று திருவாங்கூர் போலீஸ் எழுதியது. கம்பெனி பணம் தரவில்லை. பாலிசி பிரிட்டிஷ் இந்தியா எல்லைக்குள் மட்டுமே செல்லும் என்று பதில் வந்தது. அது அச்சிலேயே இருந்தது.

மாமா வந்தார். கெட்டவர் இல்லை. உண்மையிலேயே பதறிப்போயிருந்தார்.

"மச்சான், கீழ லோயர் கேம்ப் பக்கம் நடந்துச்சுன்னு எழுதிருவோம். செத்தவரு பொஞ்சாதியும் அப்படியே சொல்லட்டும். அவளுக்குத்தான துட்டு?"

அய்யா அதைக் கேட்க அம்மாவாசியின் மனைவி மொக்கம்மாளிடம் போனார். அவள் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"எங்கன செத்தாருங்கிறதக்கூடவா மாத்திச் சொல்லணும்? அங்கனதான் செத்தாரு. அந்த மண்ணத்தான் அள்ளி முடிஞ்சு வச்சிருக்கேன். இப்ப வேற எடத்து மண்ணுன்னு சொல்லச் சொல்றீகளா?"

அய்யா திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு அறுப்புக்கும் மீதி நிலத்திலிருந்து அவள் வீட்டுக்கு நெல் போனது. அது போகிற வாரம் எங்கள் உலையில் அரிசி குறையும். அம்மா குறைத்து அளந்தாள், அவ்வளவுதான்.

1946 ஜூலை முதல் இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த வண்டியும் சாலையில் ஓடக் கூடாது என்று சட்டம் வந்தது. சித்திரை மாதத்திலேயே கம்பம் ஸ்டாண்டில் ஏஜெண்டுகள் குவிந்துவிட்டார்கள். டிரைவர்கள் வண்டி பானட்டில் வைத்தே கையெழுத்துப் போட்டார்கள். வீரபாண்டித் திருவிழாவுக்கு நான் லீவில் வந்திருந்தேன். அய்யா என்னைக் கூட்டிக்கொண்டு விசாரிக்கக் கிளம்பினார். யாரை விசாரிக்க என்று கேட்டேன்.

"அடிபட்டவுகள."

"வண்டிக்காரங்களக் கேட்டாப் போதாதா அய்யா?"

"வண்டிக்காரன் துட்டுக் கட்டினவன். அவன் கம்பெனிய அவன் எப்படிக் கொறை சொல்லுவான்? துட்டு வாங்க வேண்டியவனக் கேட்டாத்தான வந்துச்சா இல்லையான்னு தெரியும்?"

ஸ்டாண்டில் இது பரவிவிட்டது. சுருளியாண்டி அண்ணன், அய்யாவின் காருக்குப் பக்கத்தில் கார் நிறுத்துகிறவர், காலையில் எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"ஏலே பேச்சி! கம்பெனி பாக்கப் போறியா, ஒம் மகனுக்குப் பொண்ணு பாக்கப் போறியா? ரெண்டுக்கும் இம்புட்டு வீடு ஏற வேண்டியதில்லப்பா!"

"பொண்ணுன்னா நாளைக்கே வேணாம்னு சொல்லலாம்" என்றார் அய்யா. "இத ஒரு வருசம் வச்சுக் காப்பாத்தணும்ல."

முதலில் வீரபாண்டி. நல்லகண்ணு என்பவரின் மாட்டு வண்டியை ஒரு லாரி இடித்திருந்தது. ஒரு மாடு செத்தது. அவருடைய வலது கை முழங்கைக்குக் கீழே கோணலாகச் சேர்ந்திருந்தது. லாரிக்கு இன்சூரன்ஸ் இருந்தது.

"மாட்டுக்குக் கொடுத்துட்டாக" என்றார். "சந்தையில என்ன வெலையோ அது. கைக்கு என்ன வெலைன்னு அவுகளுக்குத் தெரியலையாம். கேட்டுச் சொல்றோம்னாக. போன மாசிக்கு முந்தின மாசி." கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். "நான் மாடாப் பொறந்திருக்கணும்."

அது பெரிய கம்பெனி. மதுரையில் மாடிக் கட்டிடம், சாமி படம் போட்ட காலண்டர். மாமா ஆதித்தன் அந்த வருஷம் பழைய கம்பெனியை விட்டு அதற்குத்தான் மாறியிருந்தார்.

அடுத்து தேவாரம். கருத்தம்மாள் என்ற பெண்ணுக்குப் பஸ் மோதி இடுப்பெலும்பு உடைந்திருந்தது. அவளைக் கட்டிலோடு வெளியே தூக்கிப் போட்டிருந்தார்கள். அது இன்னொரு கம்பெனி.

"ரொம்ப மரியாதையான ஆளுக. என் மாப்பிள்ள போனா உக்காரச் சொல்லுவாக. காப்பி குடுப்பாக. நாளைக்கு வாங்கன்னு சொல்லுவாக. மறுநாளு போனாலும் அதே மரியாதைதான். ஒரு நாளாச்சும் மரியாத கொறையணுமே! கொறையல."

தேனியில், பருத்தி மண்டியில் மூட்டை தூக்கும்போது லாரி பின்னால் வந்து நசுக்கிய ஒருவரின் மனைவி இருந்தாள். பெயர் பவுனு. பணம் வந்ததா என்று அய்யா கேட்டதும் வந்தது என்றாள். எங்களுக்கு அது புதுப் பதில். கொண்டுவந்து தந்தது யார் என்று அய்யா கேட்டார்.

"ஒரு சைக்கிள்காரரு. கைநாட்டு வைக்கச் சொன்னாரு. நானும் பெருவிரல நீட்டிட்டேன். 'இரு ஆத்தா, என்ன எழுதியிருக்குன்னு தெரியாம வைக்காத'ன்னு பக்கத்து வீட்டு வாத்தியாரக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. வாத்தியாருக்கு வெளங்குச்சு."

அந்தச் சைக்கிள்காரர் ஜேசுராஜ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தேனியில் ஒரு மருந்துக் கடை மாடியில் ஒரு அறை. அய்யா எல்லா ஏஜெண்டுகளிடமும் கேட்ட ஒரே கேள்வியை அவரிடமும் கேட்டார்: சவுக்கைக்கு அந்தப் பக்கம் யாராவது அடிபட்டால் செல்லுமா?

மாமா ஆதித்தன் இதற்கு, "அதெல்லாம் செல்லும் மச்சான், நான் இருக்கேன்ல" என்று சொல்லியிருந்தார். தேவாரத்துக் கம்பெனியின் ஏஜெண்டு, "மேல எதுக்கு அடிபடப் போறாக? நல்லதையே நெனைங்க" என்றிருந்தார்.

ஜேசுராஜ் ஒரு பாலிசியை எடுத்து முதலிலிருந்து வாசித்தார். எனக்கும் காட்டினார்.

"தெரியல அண்ணாச்சி. இப்ப இருக்கிறபடி செல்லாது. பிரிட்டிஷ் இந்தியான்னு போட்டிருக்கு. கூடக் கட்டினா திருவாங்கூரையும் சேத்து எழுதித் தருவாங்களான்னு மதராசுக்கு எழுதித்தான் கேக்கணும். நாளாகும்."

படியிறங்கும்போது அய்யா, "தெரியலைன்னு சொன்ன ஆளு இவருதான்டா" என்றார். அந்தக் கோடையில் அவர் மகிழ்ச்சியாகச் சொன்னதாக எனக்கு நினைவிருக்கும் வாக்கியம் அது ஒன்றுதான்.

வீட்டில் சண்டை. அம்மா சோற்றை வைத்துவிட்டு நின்றபடியே பேசினாள்.

"எந்தம்பி மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? ஒரு தடவ தப்பு நடந்து போச்சு. வேணும்னா செஞ்சான்?"

"வேணும்னு செய்யல."

"பெறகு?"

"செல்லும்னு அப்பவும் சொன்னான். இப்பவும் சொல்றான். அவனுக்கு என்மேல பிரியம். அந்தப் பிரியத்த வச்சு மொக்கம்மா வீட்டுக்கு என்ன செய்ய முடிஞ்சுச்சு?"

"மொக்கம்மா, மொக்கம்மா! அவ வீட்ட நெனைக்கிறீகளே, இந்த வீட்ட யாரு நெனைக்கிறது?"

அய்யா சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனார்.

ஜூலை பிறந்தது. மதராசிலிருந்து பதில் வரவில்லை. இன்சூரன்ஸ் இல்லாத கார் ஓடக் கூடாது. அய்யா அதை வீட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துத் தூக்கி வைத்தார். மாமாவிடம் சொல்லியிருந்தால் அன்று மாலையே பாலிசி வந்திருக்கும். நான் மதுரையிலிருந்து எழுதினேன்: வேறு கம்பெனி எடுங்கள், சவுக்கை வரைக்கும் மட்டும் ஓட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பையனை எழுதச் சொல்லி அவர் அனுப்பிய பதில் சுருக்கமாக இருந்தது. கீழே பஸ் ஓடுகிறது. காரில் ஏறுகிறவர்கள் எல்லோரும் மேலே போகிறவர்கள். சவுக்கையில் இறக்கிவிட்டு, இனி நடந்து போங்கள் என்று கூலிக்காரப் பெண்களிடம் எப்படிச் சொல்வது?

ஆவணி, புரட்டாசி, ஏலக்காய் எடுக்கும் காலம். வருஷத்தின் சம்பாத்தியம் அந்த மாதங்களில்தான். மற்ற கார்கள் நிற்க நேரமில்லாமல் ஓடின. சுருளியாண்டி அண்ணன் எங்கள் வாசலில் ஹாரன் அடித்துவிட்டுப் போவார்.

"என்னப்பா, காரு மாசமா இருக்கா? எறக்கவே மாட்டேங்கிற! வளகாப்புக்குச் சொல்லிவிடு!"

அய்யா சிரிப்பார் என்று அம்மா பின்னால் சொன்னாள். சிரித்துவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொள்வாராம், பகலில். விவசாயி பகலில் படுப்பதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஸ்டாண்டிலிருந்த ஆட்கள் அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். அம்மா தன் காதுத் தண்டட்டியைக் கழற்றிக் கொடுத்தாள். வீட்டுச் செலவு நடந்தது. அக்கா தம்பிப் பேச்சு நின்றுபோனது.

தீபாவளி கழித்து ஜேசுராஜ் பஸ்ஸில் வந்து இறங்கினார். மதராஸ் ஒத்துக்கொண்டிருந்தது. பாலிசியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டப்பட்டிருந்தது: திருவாங்கூர் சமஸ்தானத்துக்கும் செல்லும். அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். அய்யா கட்டினார். மறுநாள் கார் மலையேறியது. அன்று சவுக்கையில் இறங்கி, சிப்பாய்க்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்ததாக சுருளியாண்டி அண்ணன் சொன்னார்.

அதன் பிறகு ஐந்து மாதம் ஓட்டினார்.

1947 பங்குனியில், குமுளியிலிருந்து வண்டிப்பெரியாறு போகும் சாலையில், ஒரு வளைவில் ஸ்டீரிங் விட்டுப்போனது. இடது பக்கம் பாறை, வலது பக்கம் பள்ளம். பின்னால் தோட்டத்துக்குப் போகும் நான்கு பெண்கள். பிரேக் இடது பக்கம் கொஞ்சம் அதிகமாகப் பிடிக்கும் வண்டி அது. அதனால் பாறையில் மோதியது. பெண்களுக்கு எலும்பு முறிவு. அய்யா ஸ்டீரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் இருந்தார். எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது திருவாங்கூர் போலீஸ் ரைட்டர் எழுதிக்கொண்டிருந்தார். இடத்தைச் சொல்லும்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முன்பு யாராவது மாற்றச் சொல்லிக் கேட்டிருப்பார்கள்போல.

"இவிடெத்தன்னெ" என்றார். "இவிடெ நடந்நது இவிடெ எழுதும்." இங்கே நடந்ததை இங்கே என்றுதான் எழுதுவாராம்.

"அப்படியே எழுதுங்க" என்றேன்.

வண்டியை நான் பார்த்தேன். ஸ்டீரிங் கம்பியின் முனையில், சக்கரத்தோடு இணைக்கும் பந்துக் குமிழின் கழுத்து உடைந்திருந்தது. உடைந்த முகத்தில் பெரும்பகுதி கறுத்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் மட்டும் பளபளப்பு. கறுப்பு பழைய விரிசல், பளபளப்பு அன்று அறுந்தது. அந்த விரிசல் உறைக்குள்ளே இருந்தது. கழற்றித் துடைத்துப் பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும். உலகச் சண்டைக் காலத்தில் புது உதிரிப்பாகம் கிடைக்காமல் எல்லாரும் பழையதைத்தான் ஓட்டினோம். இதைப் பலமுறை யோசித்துவிட்டேன். பொறியியலில் இதற்கு மேல் பதில் இல்லை.

ஜேசுராஜ் மலைக்கு வந்தார். நான்கு பெண்களையும் ஆஸ்பத்திரியில் பார்த்தார். கம்பெனி தர்க்கம் செய்யவில்லை, இழுத்தடிக்கவில்லை. துண்டுக் காகிதத்தில் இருந்தபடி நடந்தது. ஆடிக்குள் நால்வருக்கும் பணம் வந்துவிட்டது. அவர்களில் தொடை முறிந்த சுப்புத்தாய் கம்பூன்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலோடு நின்றாள்.

"வந்திருச்சுக்கா. எங்க அண்ணன் ரெண்டு ஆடு வாங்கிக் குடுத்துருச்சு. ஒங்ககிட்டச் சொல்லணும்னு வந்தேன்."

"நல்லது" என்றாள் அம்மா. "உள்ள வா, கால நீட்டி உக்காரு."

அவள் போன பிறகு அம்மா பாயைச் சுருட்டி வைத்தாள். பிறகு என்னிடம் கேட்டாள். "ஒங்க அய்யாவுக்கு எப்ப வரும்?"

எனக்குத் தெரியாது. ஜேசுராஜிடம் கேட்டேன். அவர் எழுதி அனுப்பாமல் நேரிலேயே வந்தார். மாமா ஆதித்தனும் அன்று வந்திருந்தார். துக்கத்துக்குப் பிறகு அக்காவும் தம்பியும் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

"அண்ணாச்சிக்கு வராதும்மா" என்றார் ஜேசுராஜ். "வண்டிக்குச் சொந்தக்காரரு அவுக. இது அவுக வண்டியால மத்தவங்களுக்கு ஆகுறதுக்கு. ஓட்டுற சொந்தக்காரருக்கு வேணும்னா தனியாக் கட்டணும்."

"அவுகளுக்கு இது தெரியுமா?"

ஜேசுராஜ் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். "தெரியும்மா. நான்தான் சொன்னேன். திருவாங்கூருக்கு ஒரு தொகை, ஓட்டுறவங்களுக்கு ஒரு தொகை. சீசன் பூரா வண்டி நின்னு போச்சு, ரெண்டும் இப்ப முடியாதுன்னாக. ஏதாவது ஒண்ணுன்னா எதுன்னு கேட்டேன். மேலன்னு சொன்னாக. அடுத்த வருசம் இன்னொண்ணையும் சேத்துக்கிருவோம்னாக."

மாமா எழுந்து நின்றுவிட்டார். அவர் என்னவோ சொல்லப் போனார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என்னயக் கேக்கலையே" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஜேசுராஜிடம் சொன்னதுபோல இல்லை. ஆணியில் தொங்கிய அய்யாவின் காக்கிச் சட்டையைப் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது.

அய்யா எடுத்த முடிவை நான் ஒரு வரைபடம்போல விரித்துப் பார்த்திருக்கிறேன். வண்டியில் ஐந்து பேர். நாலு பேருக்கு ஒன்று, ஒருவருக்கு ஒன்று, இரண்டில் ஒன்றுதான் கைக்கு எட்டும். அவர் நாலை எடுத்தார். தப்பு என்று சொல்ல முடியவில்லை. சரி என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லவும் முடியவில்லை.

காரை நான் சரிசெய்தேன். ஸ்டீரிங் முழுவதும் மாற்றினேன். ஓட்ட யாருக்கும் மனமில்லை. ஐப்பசியில் மாமா தேவாரத்திலிருந்து ஒருவனைக் கூட்டிவந்தார். இளவயதுப் பையன். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தான், கதவைத் திறந்து திறந்து மூடினான். மேலே எஸ்டேட்டுக்கு ஓட்டப் போவதாகச் சொன்னான். விலை பேசி முடிந்தது.

கிளம்பும்போது அவன் மாமாவிடம் கேட்டான். "இன்சூரன்சு ஒங்ககிட்டயே போட்டுக்கிரலாமாண்ணே?"

மாமா வாயைத் திறப்பதற்குள் அம்மா நிலைப்படியிலிருந்து பேசினாள்.

"தேனியில ஜேசுராஜுன்னு ஒருத்தர் இருக்காரு. மருந்துக் கடை மாடி. அங்கன போ."

மாமா தரையைப் பார்த்தார். அந்தப் பையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நல்ல கம்பெனியா ஆத்தா அது?"

"நல்ல கம்பெனி. சொன்னபடி குடுக்கும். சவுக்கைக்கு அந்தப் பக்கத்துக்கும் சேத்து எழுதி வாங்கு."

அவன் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினான். அம்மா படியிறங்கி வந்து, ஓட்டுகிற பக்கத்துக் கதவில் கையை வைத்தாள். கார் வாங்கிய நாளிலிருந்து அவள் அந்தப் பக்கத்துக் கதவைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அவள் எப்போதும் பின்னால்தான் உட்காருவாள்.

"ஓட்டுறவனுக்குத் தனியாக் கட்டணுமாம். அதையும் கட்டு. இப்ப முடியாது, அடுத்த வருசம் பாத்துக்கிறேன்னு சொல்லாத. ஒம் பொஞ்சாதியையும் கூட்டிட்டுப் போய், அவ முன்னால கையெழுத்துப் போடு."

"சரி ஆத்தா."

"சரின்னு சொல்லிட்டுப் போயிராத."

அவள் கையை எடுக்கும்வரை அவன் வண்டியைக் கிளப்பவில்லை.